தோணி போன வழியைத் தூர்க்கலாமா?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பேருந்து, மாமல்லபுரம் ஊருக்குள் நுழையுமுன் ஒரு பாலத்தைக் கடக்கும். கீழே கிடப்பது பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் நமது மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட சரக்குப் பாதை அது.

1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய வேலை இது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டியவர்கள், 1876-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்கள். உப்பும் விறகும் நெல்லும் தோணிகளில் சென்னைக்கு வந்தன. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தும் தோணிகளை ஓட்டினார்கள்.

சில ஆட்கள் பல டன் சுமையை இழுத்தது எப்படி? சுமையைத் தாங்குவது நீரின் மிதப்பு விசை. இழுப்பவர் வெல்ல வேண்டியது நீரின் தடையை மட்டுமே. வேகம் பாதியானால் அத்தடை ஏறத்தாழக் கால் பங்காகிவிடும். தரையில் உருளும் வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. மெதுவாகப் போனாலும் சக்கரத்தின் உராய்வு அவ்வளவாகக் குறையாது. அவசரமில்லாத கனத்த சரக்குக்கு நீர்வழியே சிக்கனம்.

பிறகு ஏன் தோணிகள் நின்றன? ரயிலும் லாரியும் வேகமானவை என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பாதிக் காரணமே. தோணி மிதக்க ஆழம் வேண்டுமல்லவா? 1960-களின் நடுவிலும் 1976-லும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. அதன்பின் சரியான பராமரிப்பு இல்லை, மண் மேடிட்டது. 1990-களில் சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களே கால்வாயில் எழுந்தன. லாரியிடம் தோற்றதைவிட, நம் அலட்சியத்திடம்தான் கால்வாய் அதிகம் தோற்றது என்பேன். 2008-இல் இதைத் தேசிய நீர்வழி எண் 4-இல் சேர்த்தார்கள். அறிவிப்பால் மட்டும் ஆழம் வந்துவிடாது.

"சரக்குதான் போவதில்லையே, தூர்த்தால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக இக்கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டருகே கடலைச் சேர்கிறது. தோணி நின்றாலும் கால்வாயின் வேலை நிற்கவில்லை. அதைத் தூர்த்தால் வெள்ளம் நம் வீடுகளுக்குள் வழி தேடும். ஆகவே தூர்ப்பதல்ல, தூர் வாருவதே அறிவுடைமை. ஆழம் இருந்தால் வெள்ளமும் வடியும், என்றேனும் சரக்கும் போகலாம்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு தட்டில் உப்புப் பொட்டலத்தை வைத்து, தொட்டி நீரில் மிதக்கவிட்டு நூலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். அதே தட்டைத் தரையிலும் இழுங்கள். பிறகு நீரைக் குறைத்து, தட்டு அடியில் தட்டும்போது இழுத்துப் பாருங்கள். கால்வாய்க்கு என்ன நேர்ந்தது என்பது உங்கள் விரலுக்கே தெரியும்.