அபாகஸில் சேர்ப்பதற்கு முன் ஒரு மாம்பழக் கணக்கு

அன்புள்ள என் பழைய மாணவர்களே, சொந்தங்களே,

மே மாதம் வந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "மிஸ், பையன் நாலாவது போறான், கணக்கு சுத்தமா வரலை. அபாகஸ்ல சேர்க்கட்டுமா?" மயிலாப்பூரிலிருந்தும் இதே கேள்வி, அடையாறிலிருந்தும் இதே கேள்வி. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சேர்க்க வேண்டாம். முதலில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

ரவியிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. இது கீதாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். கீதாவிடம் எத்தனை?

நிறையப் பிள்ளைகள் யோசிக்காமல் 17 என்பார்கள். 'அதிகம்' கண்ணில் பட்டதும் கூட்டியாகிவிட்டது. கூட்டலில் தப்பே இல்லை. அந்த 'விட' யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் குழந்தைக்கு இன்னும் 50 கூட்டல் கொடுத்தால் ஐம்பதையும் சரியாகப் போடும். மாம்பழம் மட்டும் தப்பாகவே இருக்கும். 'அதிகம்னா கூட்டு, மீதின்னா கழி' என்று சொல்லிக்கொடுக்கிற டியூஷன்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, எண்ணே சொல்லாமல், யாரிடம் ஜாஸ்தி, யாரிடம் கம்மி என்று கதை மாதிரி சொல்லச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித் திணறுகிறானா? நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அப்போது 7 என்றால் கணக்கு வருகிறது, வாசிப்புதான் வரவில்லை. அப்போதும் 17 என்றால் புரிதலில் குறை. கதையைச் சரியாகச் சொல்லிவிட்டு விடையில் தவறினால்தான் கணக்கில் உட்கார வேண்டும்.

அதிலும் 42-இல் 17 கழித்து 35 என்று எழுதும் பிள்ளையிடம் 'கவனமில்லை' என்று கத்தாதீர்கள். 2-இல் 7 போகாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதனால் 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறது. பத்துப் பத்தாகக் கட்டிய நாலு குச்சிக் கட்டு, தனியாக இரண்டு குச்சி. ஒரு கட்டை அந்தப் பிள்ளையின் கையாலேயே அவிழ்க்க விடுங்கள். 'கடன் வாங்குதல்' என்ற வார்த்தையை அதற்கு முன் சொல்லவே வேண்டாம்.

அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பதிவேட்டு வேலை ஆசிரியர்களைப் பிழிகிறது என்பது உண்மை. ஆனாலும் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்குவது சரிதான். 2003-இல் நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலும் இதைத்தான் செய்தது. பாய், அட்டை, கீழ்மட்டக் கரும்பலகை என்று கேலி செய்தவர்கள் எத்தனை பேர்!

'அதெல்லாம் அரசுப் பள்ளிப் பிரச்சினை, நாங்கள் கட்டுகிற பீஸுக்கு...' என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். ஏசர் ஆய்வில், தமிழகக் கிராமப்புறத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம், கொரோனாவுக்குப் பின் 2022-இல் 4.8 சதவீதம். அந்தக் கணக்கில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்தி. சென்னையை அந்த ஆய்வு தொடுவதில்லை. அதனால் நம் வீட்டுப் பிள்ளையை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாவதிலேயே ஃபெயில் போட்டால் படிப்பார்கள் என்கிற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. எங்கே தடுக்குகிறது என்று பார்க்காமல் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்தால், அதே 17-ஐத்தான் இன்னொரு தடவை எழுதும்.

தாத்தா பாட்டிகளுக்கு ஒன்று: தெற்கு மாட வீதிக்குக் காய் வாங்கப் போகும்போது பேரப்பிள்ளையையும் கூட்டிப் போங்கள். மீதிச் சில்லறையை அவர்களே சொல்லட்டும். ஜிபே வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள்.

மாம்பழக் கணக்கு மாதிரி 20 கணக்குகள் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் பிள்ளையின் வகுப்பைக் குறிப்பிட்டு வாட்ஸப்பில் கேளுங்கள். விடைத்தாள் அனுப்ப மாட்டேன், நீங்களும் உட்கார்ந்து போடுங்கள்.

உங்கள் மிஸ்