உந்துபொருள் வெடிபொருள் இல்லை, உறை?

மார்ச் 16, 2009 அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ரெஜ்ஜி வால்டன் அளித்த தீர்ப்பு ராக்கெட் ஆர்வலர்களான நமக்குச் சாதகமாக வந்தது. அம்மோனியம் பெர்குளோரேட் கலவை உந்துபொருளை அமெரிக்க வெடிபொருள் கட்டுப்பாட்டு முகமையான ஏ.டி.எஃப். தன் வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்தது செல்லாது. 2000-இல் டிரிபோலி, என்.ஏ.ஆர். என்ற ராக்கெட் சங்கங்கள் தொடுத்த வழக்கு இது. எரிவேகம் பற்றி அந்த முகமை தந்த விளக்கம் போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. 62.5 கிராம் உந்துபொருள் வரம்பு, உரிமம், கைரேகை, பூட்டிய கிடங்கு என்ற தலைவலிகள் தீர்ந்தன. விடாமல் வழக்கு நடத்தியவர்களுக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது.

தீர்ப்பின் எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றம் விசாரித்தது உந்துபொருளை. நாம் பற்றவைப்பதோ உறை, லைனர் (உள் காப்பு), நாசில், மூடி எல்லாம் சேர்ந்த மோட்டாரை. திறந்த வெளியில் நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் சாதுவாக எரியும் அதே கிரெயின் (உந்துபொருள் கட்டி), கணக்குத் தப்பிய உறைக்குள் இருந்தால் அந்த உறையை அலுமினியத் துண்டுகளாகச் சிதறடிக்கும்.

உறையைத் தேர்ந்தெடுக்க நம்மில் பலர் இன்னமும் சராசரி அழுத்தத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம். உறை தாங்க வேண்டியது உச்ச அழுத்தத்தை. 600 பி.எஸ்.ஐ. சராசரியை 1.5-ஆல் பெருக்கி, 900 தாங்கும் உறை போதும் என்று நிம்மதி அடைகிறோம். கிரெயினில் ஒரு விரிசல் விழுந்து எரிபரப்பு 30 சதவீதம் கூடினால் என்ன ஆகும்? அழுத்தத்தோடு எரிவேகம் எப்படி ஏறும் என்பதைச் சொல்லும் அழுத்த அடுக்கு 0.3 என்றால் அழுத்தம் சுமார் 45 சதவீதம் ஏறி, மயிரிழையில் தப்பிப்போம். அடுக்கு 0.6 என்றால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகி 1,150-ஐத் தாண்டும். ஆக, ஒரே பாதுகாப்புக் காரணி எல்லாக் கலவைக்கும் பொருந்தாது. அடுக்கு கூடக் கூடப் பாதுகாப்பு இடைவெளியையும் கூட்ட வேண்டும். வெயிலில் காய்ந்த கிரெயின், அளவுக்கு மீறிய இக்னைட்டர், நாசில் தொண்டையில் படியும் கசடு ஆகியவற்றையும் இதே கணக்கில் சேருங்கள்.

உறையின் வலிமையும் மாறாத எண் அன்று. 6061-டி6 அலுமினியம் சூடேறச் சூடேறத் தன் நெகிழ்வு வலிமையை இழந்துகொண்டே போகும். குளிர்ந்த உறையில் செய்த நீரழுத்தச் சோதனை, லைனர் எரிந்து ஓட்டையான உறையைப் பற்றி எதுவும் சொல்லாது. மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டோ ஸ்நாப் ரிங்கோ சுவருக்கு முன்பே விட்டுக்கொடுக்கும்படி வடிவமைப்பதே நல்லது. மூடி பறந்தால் எந்தத் திசையில் பறக்கும் என்பதாவது தெரியும்.

ஒன்பது ஆண்டு வழக்கில் அதிகாரிகள் இதில் எதைக் கேட்டார்கள்? எத்தனை கிராம், எந்தப் பூட்டு, யார் கைரேகை என்று கேட்டார்கள். சுவர் எத்தனை மில்லிமீட்டர், சோதனை அழுத்தம் எவ்வளவு என்று கேட்கவில்லை. அரிசியைப் பறிமுதல் செய்துவிட்டு, வால்வு அடைத்த குக்கரை அடுப்பிலேயே விட்டுப் போன கதைதான். மெல்லிய உறையில் திணித்த 60 கிராம் மோட்டார் சட்டத்தின் கண்ணில் சாதுவாகவே இருந்தது. தாராளமான இடைவெளி வைத்துக் கட்டிய ஐந்து கிலோ மோட்டாருக்குத்தான் அத்தனை காகிதமும். பாதுகாப்பின் பெயரால் நம்மிடம் வாங்கிய அந்த ஆண்டுகள் எந்த உறையையும் ஒரு பி.எஸ்.ஐ. கூடப் பலப்படுத்தவில்லை. வழக்கில் கரைந்த பணத்திலும் உழைப்பிலும் எத்தனை சோதனை மேடைகள் எழுந்திருக்கும்!

அதிகாரிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் சான்றிதழ் அட்டவணைகளில் உந்துவிசை வளைவு இருக்கிறது, அழுத்த வளைவைத் தேட வேண்டியிருக்கிறது. மோட்டார் வெடித்தால் படத்தைக் காட்டிச் சிரிக்கிறோம், எண்களைச் சொல்வதில்லை.

எனவே அடுத்த இதழிலிருந்து, அளந்த உச்ச அழுத்தம், கலவையின் அழுத்த அடுக்கு, உறையின் சோதனை அழுத்தம், எரிந்த நாளின் வெப்பநிலை ஆகிய நான்கும் இல்லாத மோட்டார் வடிவமைப்பு எதையும் இந்த இதழ் வெளியிடாது. வெடித்துச் சிதறிய மோட்டாரின் எண்களுடன் வரும் கட்டுரைக்கு முன்னுரிமை உண்டு. யாரும் கட்டாயப்படுத்தாத இப்போதே இதைச் செய்யாவிட்டால், அடுத்த விதியை மறுபடியும் கிராம் கணக்கில்தான் எழுதுவார்கள்.