ஸ்டீயரிங் ஆயில் 'குடிக்காது' சாமி!

"பழைய வண்டி தம்பி.. கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். அப்பப்ப ஊத்திக்கோ."

பவர் ஸ்டீயரிங் வைத்த பழைய கார் வீட்டில் இருந்தால் இந்த வசனத்தைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். சுத்தப் புருடா மக்களே!

இன்ஜின் ஆயில் குடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் ஆயில் எரிந்து புகையாகப் போகும். ஸ்டீயரிங் ஆயில் எங்கே எரிகிறது? பெல்ட்டில் சுற்றும் பம்பு ஆயிலை அழுத்தி ரேக்குக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது. மூடிய சுற்று. 1951-ல் கிறைஸ்லர் இம்பீரியலில் வந்த காலத்திலிருந்தே அடிப்படை இதுதான். அளவு குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. வேறு பதிலே கிடையாது.

எங்கள் வீட்டு வண்டி 2004 மாடல். அப்பா இரண்டு வருஷமாக மாதம் அரை பாட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் பானட்டிலிருந்து கருகல் வாசனை. பட்டறையில் காட்டினால், "ரேக் போச்சு, 24 ஆயிரம் ஆகும்." இன்னொரு இடத்தில், "இந்த மருந்தை ஊத்துங்க, லீக் தானா நின்னுடும்."

ரெண்டு பேருமே வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. என் கோபமே அதுதான்.

லீக்கை நிறுத்தும் மருந்து என்ன செய்யும்? ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதி மெதுவாக்கும். காய்ந்துபோன சீலுக்குச் சில நாள் தாங்கலாம். வெடித்த ஹோஸையும் தளர்ந்த கிளாம்பையும் அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அதே நேரம் ஒழுகும் ஆயில் சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கலாம். டப்பா காலியானால் பம்பும் காலி.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. இன்ஜினை ஆறவிட்டு, பனியன் வேஸ்ட்டால் எல்லாவற்றையும் துடைத்தேன். அளவுக்கோடு வரை ஆயில் விட்டு இன்ஜினை ஓடவிட்டேன். தம்பி ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பினான் (கடைசியில் பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது, பம்பு சூடாகிவிடும்). டார்ச் அடித்துப் பார்த்தால், ரிட்டர்ன் ஹோஸ் முனையில் வெடிப்பு. சொட்டு சொட்டாக ஆயில்!

தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஆயில் தாங்கும் ஹோஸும் புது கிளாம்பும் போட்டு, காற்றை எடுத்துக் கொடுத்தார். கூலியோடு 1,100 ரூபாய்.

எல்லாருக்கும் இவ்வளவு மலிவாக முடியும் என்று சொல்லவில்லை. ரேக்கின் ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல் போய்விட்டது, செலவு நிச்சயம். பிரஷர் ஹோஸ் ஒழுகினால் கிளாம்பு போட்டு இறுக்குவது தற்கொலைக்குச் சமம். அதை மாற்றத்தான் வேண்டும். இன்ஜின் ஓடும்போது அந்த ஹோஸைக் கையால் தடவவும் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலையே துளைக்கும். ஆயிலும் கண்டதை ஊற்றக் கூடாது. சில வண்டிக்கு ஏ.டி.எஃப்., ஹோண்டா மாதிரி சில கம்பெனிக்குத் தனி ஆயில். மேனுவலைப் பாருங்கள்.

மெக்கானிக்கை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. அந்த அண்ணனிடமே கேட்டேன். "ஒரு மணி நேரம் படுத்துப் பாத்து ஹோஸ்தான்னு சொன்னா, 'பாத்ததுக்கு எதுக்குக் காசு'ன்னு கேப்பாங்க தம்பி. ரேக்கை மாத்தினா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். சுருக்கென்றது. பார்ட்ஸுக்கு 24 ஆயிரம் தரத் தயார், பார்த்துச் சொல்லும் மூளைக்கு 300 ரூபாய் தர மனசு வராது. அப்புறம் அவர் ஏன் குனிவார்?

மெக்கானிக்கல் வகுப்புத் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. பாஸ்கல் விதியை மூன்று செமஸ்டர் எழுதியாச்சு. வீட்டு வண்டியின் பானட்டை ஒரு தடவையாவது திறந்தோமா? நானே கருகல் வாசனை வந்த பிறகுதான் திறந்தேன்.

அடுத்த முறை யாராவது "வண்டி குடிக்குது" என்றால் பாட்டிலை எடுக்காதீர்கள். டார்ச்சை எடுங்கள்.

டிஸ்கி: இப்போது வரும் பல புது கார்களில் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங், ஆயிலே கிடையாது. அதில் டப்பாவைத் தேடி அலைந்தால் நான் பொறுப்பல்ல! :-)