திருஷ்டி சுத்தினது போதும் மக்களே, இரும்பைப் பாருங்க!

கைக்குழந்தை ராத்திரி தூங்கலைன்னா நம்ம ஊர்ல என்ன நடக்கும்? உப்பு மிளகாய் சுத்திப் போடுவாங்க. கிரைப் வாட்டர் ஊத்துவாங்க. கடைசியா "தாய்ப்பால் பத்தலை"ன்னு அம்மா தலையில பழியைப் போடுவாங்க. உடம்புல இரும்புச்சத்து இருக்கான்னு கேக்குற ஆள் மட்டும் சிக்க மாட்டாங்க.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதய்யா"ங்கறீங்களா? முடிச்சு ஏற்கனவே இருக்குங்க. மூளையில டோபமின் உருவாக இரும்பு வேணும். நரம்பைச் சுத்தி மயலின் உறை வளரவும் இரும்பு வேணும். தூக்கமும் விழிப்பும் ஒரு ஒழுங்குக்கு வர்றதுக்கு இது ரெண்டும் முக்கியம்.

சிலி நாட்டு சாண்டியாகோவில் பெய்ரானோ, அல்கரீன், லோசாஃப் குழுவினர் இதைப் பல வருஷம் ஆராய்ஞ்சாங்க. கைக்குழந்தையா இருந்தப்போ இரும்புக் குறைவால ரத்தசோகை வந்த பிள்ளைங்களுக்கு மருந்து கொடுத்தாச்சு, சோகையும் போயாச்சு. ஆனா 4 வயசுல தூக்கத்தைப் பதிவு செஞ்சு பார்த்தா, கனவு வர்ற தூக்கம் ராத்திரியில அமையற விதம் மத்த பிள்ளைங்க மாதிரி இல்லை! ரத்தம் தேறிடுச்சு, மூளை தேறலை. "அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்றவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும்.

இது யாருக்கோ வர்ற வியாதி இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள ரத்தசோகை உள்ள பிள்ளைங்க இந்தியாவில் 67.1 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். எல்லாமே இரும்புக் குறைவால வந்ததில்லைதான். ஆனா பெரிய காரணங்கள்ல அது ஒண்ணு.

மருந்து இல்லையா? 2018-ல வந்த ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்துல இந்த வயசுக்கு வாரம் ரெண்டு தடவை 1 மில்லி சிரப்னு தெளிவா இருக்கு. நம்மாளுங்க "மலம் கறுப்பா போகுது"ன்னு பாட்டிலைப் பரண்ல ஏத்திடுறாங்க. இரும்பு சாப்பிட்டா கறுப்பாத்தான் போகும் சாமி! இன்னொரு பக்கம், "பால் குடிச்சா ரத்தம் ஊறும்"னு ஒரு வயசுக்கு முன்னாடியே டம்ளர் டம்ளரா பசும்பால். அதுல இரும்பு ரொம்பக் கம்மி. ஆறு மாசம் முடிஞ்சதும் தாய்ப்பாலோட முட்டை, ஈரல், பருப்பு மசிச்சுக் கொடுங்க.

ராத்திரி முழிக்கிற குழந்தைக்கெல்லாம் இரும்புக் குறைவுன்னு நான் சொல்லலை. பச்சக்குழந்தை முழிக்கறது இயல்பு. அதனாலதான் ஊகம் வேண்டாம், ரத்தத்தைப் பாருங்கன்னு சொல்றேன். திருஷ்டி சுத்துறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான்.

டிஸ்கி: நீங்களா மருந்து அளவைக் கூட்டாதீங்க. அளவு மீறினா இரும்பு குழந்தைக்கு விஷம். டாக்டரைக் கேளுங்க.