பென்னட் வீட்டு வரவு செலவு

புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து வந்து, விட்ட இடத்திலிருந்து காதல் நாவலைத் தொடரும் பெண்மணியைப் பற்றி நம்மிடம் ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு: வீட்டை மறப்பதற்காகப் படிக்கிறார். கிண்டல் செய்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். பரிந்து பேசுபவர்களும், 'பாவம், அவருக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா' என்று இதையேதான் சொல்கிறார்கள். இரு தரப்பாரும் அந்தப் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆங்கிலக் காதல் நாவல் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813), சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' (1847) இரண்டுமே வீட்டை மறக்க நினைப்பவர் தொடக்கூடாத புத்தகங்கள். வீட்டுக் கணக்கும் வீட்டுக் கவலையும்தான் அவற்றின் உள்ளடக்கம். காதல் அதற்குள் நடக்கிறது.

ஆஸ்டின் காட்டும் பென்னட் குடும்பத்தில் ஐந்து பெண்கள், ஆண் பிள்ளை இல்லை. தகப்பனாருக்கு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருகிறது. சொத்தோ ஆண் வாரிசுக்கு மட்டுமே சேரும்படி எழுதி வைக்கப்பட்டது. அவர் கண்ணை மூடினால் குடியிருக்கும் வீடு உட்பட எல்லாம் தூரத்து உறவினரான காலின்ஸுக்குப் போய்விடும். அந்த ஐவரில் ஒருத்தியான கதாநாயகி எலிசபெத்துக்கு வரக்கூடியது 4 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கும் 1,000 பவுண்டுதான், அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகு என்பதைக் காலின்ஸ் பெண் கேட்கிற வாயாலேயே சொல்லிக்காட்டுகிறார். வருஷத்துக்கு 40 பவுண்டு! பெண்களைக் கரையேற்றத் துடிக்கும் திருமதி பென்னட்டைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டும் என்றுதான் ஆஸ்டின் எழுதியிருக்கிறார். ஆனாலும் இந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்தவருக்கு, அந்த வீட்டில் நிலைமையின் தீவிரம் உறைத்த ஆள் அந்த அம்மாள்தான் என்று பட்டுவிடும். எலிசபெத்தின் தோழி, 27 வயது சார்லட் லூகாஸ் அதே காலின்ஸைக் கட்டிக்கொள்வது தனக்கென்று ஒரு குடித்தனம் வேண்டித்தான். வாழ்க்கைப்பட்ட வீட்டில் வசதி குறைந்த பின்பக்க அறையைத் தன் அறையாக வைத்துக்கொள்கிறாள். முன்பக்க அறை என்றால் கணவர் அடிக்கடி வந்து உட்கார்ந்துவிடுவார்! ஆஸ்டினின் முதல் நாவல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவி ராஜீவ் மேனன் 2000-இல் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில், தாயும் பெண்களும் வீட்டை இழந்து வெளியேறுவதைத் தமிழ் ரசிகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டுக்கு வந்ததே 1989-இல்தான்.

காதலும் இந்த நாவல்களில் வீட்டுக்குள்தான் சோதிக்கப்படுகிறது. கடைசியில் தான் மணக்கப்போகும் டார்ஸி மீது எலிசபெத்துக்கு இருந்த கசப்பு கரையத் தொடங்குவது அவன் எழுதும் கடிதத்தால். அது மாற்றமாக முற்றுவது, அவனுடைய மாளிகையைச் சுற்றிக் காட்டும் வயதான நிர்வாகி ரெனால்ட்ஸ் அம்மாள், நாலு வயதிலிருந்து பார்த்து வருகிறேன், ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்கிறபோது. வீட்டில் வேலை செய்பவர்கள் சொல்லும் சாட்சியத்துக்கு மேல் மாப்பிள்ளை விசாரணை ஏது? ஜேன் அயர் இன்னும் கறாரானவள். லோவுட் பள்ளியில் ஆசிரியையாக அவளுக்கு ஆண்டுச் சம்பளம் 15 பவுண்டு. பிறகு அவளை மணக்கக் கேட்கும் ராச்செஸ்டரின் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்க 30. அவர் பட்டும் நகையும் வாங்கிக் குவிக்க முற்படும்போது, கல்யாணத்துக்குப் பிறகும் பாடம் சொல்லிக் கொடுத்து அந்தச் சம்பளத்தில்தான் உடுத்துவேன், உண்பேன் என்கிறாள். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவனுக்கே உரியது என்பதை வைத்துப் பார்த்தால், அது ஊடல் பேச்சு அல்ல. அவரைப் பிரிந்து போன பிறகு சித்தப்பாவின் 20,000 பவுண்டு வரும்போது மூன்று உறவினரோடு சமமாகப் பங்கிட்டு, தன் 5,000-உடன்தான் அவரிடம் திரும்பிப் போகிறாள். தாலி கட்டும் காட்சிக்காகப் படிக்கிறார்கள் என்பவர்கள் கடைசிப் பக்கங்களைக் கவனிக்கட்டும். எலிசபெத்தின் திருமணத்துக்கு ஆஸ்டின் ஒரே வாக்கியத்தைத்தான் செலவிடுகிறார். ஜேன் தேவாலயத்திலிருந்து வந்ததும் நேரே போவது அடுப்படிக்கு. கோழி வாட்டிக்கொண்டிருக்கும் சமையல்கார மேரியிடம் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்ல.

ஆனால் ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்ஸி கனவுதானே என்று கேட்கலாம். கனவுதான். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. விருந்தில் காலின்ஸ், இந்தச் சமையல் எந்தப் பெண்ணின் கைமணம் என்று கேட்க, நல்ல சமையல்காரி வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதி உண்டு, என் பெண்களுக்கு அடுப்படியில் வேலையே இல்லை என்று திருமதி பென்னட் வெடுக்கென்று பதில் சொல்கிறார். பாத்திரம் துலக்கிவிட்டு வந்து படிப்பவருக்கு இந்த இடம் உறுத்தாமல் போகாது. 'ஜேன் அயர்' நாவலில் ராச்செஸ்டர் மாடி அறையில் பூட்டி வைத்த ஜமைக்கா மனைவி பெர்த்தா இன்னும் உறுத்துவாள். அவளுக்காக ஜீன் ரீஸ் 1966-இல் தனியாக ஒரு நாவலே எழுதினார். இந்தக் குறைகளை மறுக்க வேண்டியதில்லை. முடிவு தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பவர் கதைக்கு மயங்குவதில்லை. அடுத்த முறை சமையல்காரியின் பெயரைத் தேடுவார், அதற்கடுத்த முறை பெர்த்தாவுக்காக வழக்காடுவார். பிடித்த புத்தகத்தோடு சண்டை போடுவதும் ரசனையில் சேர்த்திதான்.

இந்த நாவல்கள் வீட்டு வேலைக்கு நடுவில் எழுதப்பட்டவையும்கூட. பார்வை மங்கிய டேபி என்ற முதிய பணிப்பெண் உருளைக்கிழங்கில் விட்டுவைத்த கண்களை, அவர் மனம் நோகாதபடி பாத்திரத்தைச் சத்தமில்லாமல் எடுத்துப் போய், எழுத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு சார்லட் பிராண்டே நீக்கி வைப்பாராம்; எலிசபெத் காஸ்கெல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. இதைக் காட்டி, அடுப்படிதான் இலக்கியத்தின் நாற்றங்கால் என்று யாரும் புல்லரிக்க வேண்டாம். விருந்தாளிகள் வந்துபோன ஒரு சமயம், ஆட்டிறைச்சியும் மருந்தும் தலையை நிறைத்திருக்கும்போது எழுதுவது முடியாத காரியம் என்று ஆஸ்டின் தன் அக்காவுக்கு 1816-இல் எழுதினார். படிப்பதும் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் இப்படிப் படிப்பவர் ஒருவர் இருந்தால், புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதை ஒத்திப்போடுங்கள். அரை மணி நேரம் அவரை எதற்கும் கூப்பிடாமல் இருங்கள்.