ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு

பிரான்சின் பர்கண்டியில், ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே கைவிட்ட ரயில் பாதையை 1997இல் சைக்கிள் பாதையாக்கினார்கள். திராட்சைத் தோட்டக் குன்றுகள். மோட்டார் வண்டியே கிடையாது. சுற்றுலாக்காரர்களை இழுப்பதே அந்த அமைதிதான். பட்டுக்கோட்டைப் பக்கம் நமக்கும் ஒரு பாதை உண்டு: 1934இல் திறந்த கல்லணைக் கால்வாயின் கரை. புதாறு என்போம். மேடு கிடையாது. வயல், கஜா புயல் விட்டுவைத்த தென்னைகள். அதே அமைதிக்கு இங்கே வேறு பெயர்: ‘ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு, போகாதே.’ எவனோ வருவான் என்ற பயத்துக்கு வீட்டில் அடைபடுவது நாம்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரமாயிரம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பிறகு பள்ளி மாணவிகளுக்கு அரசே சைக்கிள் தந்தது. இரண்டும் பெரிய காரியங்கள், சந்தேகமில்லை. ஆனால் கேரியரைப் பாருங்கள்: தண்ணீர்க் குடம், புத்தகப் பை, பிள்ளை. சுமை இருந்தால் ஊர் வழிவிடும். வெறும் கேரியரோடு போனால், ‘எங்கம்மா போறீங்க?’ ‘சும்மா’ என்று சொல்லிப் பாருங்கள். (என்னிடம் ‘போறீங்க’ என்கிற அதே வாய் காலனியிலிருந்து வரும் என் மாணவியிடம் ‘எங்கடி?’ என்கிறது.) சாயங்காலம் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களை என்ன வேலையென்று எவரும் கேட்பதில்லை.

கேமரா வைக்கிறோம், போலீஸ் போடுகிறோம் என்பார்கள். காவலுக்குள் ஓட்டுவதற்கா சைக்கிள்? ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கிளம்புவோம். ஒரு வேலையும் வேண்டாம். அந்த மதகுக் கட்டையில் நாமும் உட்காருவோம், இருட்டும் வரை.