பெயரைத் தேடாதே, வாசலைத் தேடு!



எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால் போதும், சங்கக் கிளைக்கு வருகிறவர்களின் கேள்வியே மாறிவிடும். சம்பளச் சீட்டில் பிடித்தம், லைன் வீட்டுக் கூரை ஒழுகல் எல்லாம் இரண்டாவது. "பிள்ளைக்கு என்ன படிப்பு எழுதலாம் அண்ணே?" என்பதுதான் முதலாவது. சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் அப்படிக் கேட்கிறவர்கள் வாயில் இப்போது ஒரு புதுப் பெயரும் சேர்ந்திருக்கிறது: நியூக்ளியர் மெடிசின். தமிழில் அணு மருத்துவம். "ஆஸ்பத்திரியிலே அந்த மிஷினை ஓட்டுகிற வேலைக்கு டிகிரி இருக்காமே, அதுக்கு எப்படி மனுப் போடுறது?"

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் இதற்கான பதில் எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு சொல்ல வேண்டியதல்ல. பிள்ளை படிவம் மூன்றில் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. அதனால்தான் இந்த வாரம் இதையே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வேலை என்று பார்ப்போம். எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து வந்து உடம்பை ஊடுருவிப் போகிறது. அணு மருத்துவத்தில் அப்படியில்லை. கதிர் வீசுகிற மருந்தைச் சொற்ப அளவில் நோயாளியின் நரம்பில் ஏற்றுவார்கள். அது எலும்புக்கோ, இருதயத்துக்கோ, சிறுநீரகத்துக்கோ போய்ச் சேரும். அங்கிருந்து வரும் கதிரை வெளியில் நிற்கும் காமிரா பிடித்துப் படமாக்கும். எலும்பில் புற்றுநோய் பரவியிருக்கிறதா, இருதயத்தில் இரத்தம் சரியாக ஓடுகிறதா என்பதெல்லாம் இதில் தெரியும். கழுத்துத் தைராய்டு நோய்க்கு அயோடின்-131 கொடுத்துச் சிகிச்சையும் செய்கிறார்கள்.

அதிகம் பயன்படும் மருந்துப்பொருள் டெக்னீஷியம்-99எம். ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகக் குறையும், இருபத்து நான்கு மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே இதைக் கடையில் வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்க முடியாது. மாலிப்டினம்-99 என்ற தாய்ப்பொருளை ஈயக் கவசம் போட்ட பெட்டியில் வைத்திருப்பார்கள். அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். அது சிதையச் சிதைய உள்ளே டெக்னீஷியம் ஊறும். உப்பு நீரைச் செலுத்தி அதை வடித்தெடுப்பார்கள். இந்த வேலைக்கு அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பெயரே பால் கறப்பது என்பதுதான்! இருட்டோடு எழுந்து மரம் சீவிப் பால் எடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கு, நேரம் தவறினால் சரக்கு போச்சு என்ற பாடத்தை வேறு யாராவது சொல்லித் தரணுமா?

சரி, பயம் என்று ஒன்று இருக்கிறதே! நியூக்ளியர் என்றதும் 1945-இல் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுதான் பெற்றோர் கண்ணில் நிற்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் ஓடத் தொடங்கியது. கதிர் வீசும் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் கோர்ட்டு ஏறினார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கடைசியில் 1994-இல் ஆலை மூடப்பட்டது. இந்தக் கதை தெரிந்தவன் பயப்படுவதில் குற்றமில்லை.

ஆனால் தோழர்களே, கதிரில் வேலை செய்கிறவனுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் அவன் உடம்பில் ஏறக்கூடாது என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட விதி. எவ்வளவு ஏறியது என்று அளக்க அவன் சட்டையில் ஒரு பட்டை குத்தியிருக்கும். அதைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வருமே?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால், வயிற்றுக் குழந்தைக்கு மீதமுள்ள மாதங்களில் 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தரவேண்டும் என்பதும் விதிதான். நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம் இதற்கெல்லாம் அடிப்படை.

இனி நம் பக்கத்தைப் பாருங்கள். பாராகுவாட் மருந்தை முதுகில் சுமந்து அடித்த பெண்களின் சட்டையில் எந்தப் பட்டை குத்தியிருந்தது? எத்தனை சொட்டு தோலில் இறங்கியது என்று யார் எழுதி வைத்தார்கள்? 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதியில்தான். அளவு பார்க்காத விஷத்தில் நம் தாய்மார்களை இறக்கிவிட்ட நாம், அளவு பார்க்கிற வேலைக்குப் பிள்ளையை அனுப்பப் பயப்படுகிறோமே, இது என்ன நியாயம்? பயத்தை விடு என்று நான் சொல்லவில்லை. விதியைத் தெரிந்துகொண்டு பயப்படு என்கிறேன்.

இப்போது மனுவுக்கு வருவோம். யூ.பி.யூ. பட்டியலைத் திறந்து "நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி" என்ற பெயரை அப்படியே தேடினால் ஏமாற்றம்தான். நியூக்ளியர் என்ற சொல் கண்ணில் பட்டதும் அதை டிக் செய்கிற பிள்ளைகளும் உண்டு. பாங்கி தேசியப் பல்கலைக்கழகத்தின் அணு அறிவியல் படிப்பு நல்ல படிப்புத்தான். ஆனால் அது விஞ்ஞானப் படிப்பு. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்க வைத்துப் படம் எடுக்கிற வேலைக்கான வழி வேறு.

அந்த வழிக்கு நம் நாட்டில் இருக்கிற பெயர்கள் இவை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கதிரியக்கம், மலாயில் ராடியாசி பெருபாத்தான். தேசியப் பல்கலைக்கழகத்திலும் குவாந்தானில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் நோயறிப் படமெடுப்பும் கதிர் சிகிச்சையும். யூ.ஐ.டி.எம்.மிலும் மருத்துவப் படமெடுப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு பூமிபுத்ரா பிள்ளைகளுக்கு மட்டும். அதை நம்பி ஒரு இடத்தை வீணாக்க வேண்டாம்.

பினாங்குக்காரர்களுக்கு இன்னொன்று. யூ.எஸ்.எம். என்றால் மிண்டன், பாலத்தைத் தாண்டினால் போச்சு என்று நினைக்காதீர்கள். இந்தப் படிப்பு நடப்பது கிளந்தானில், குபாங் கிரியான் வளாகத்தில். பிள்ளை அங்கே தங்கிப் படிக்க வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில் இதைக் கேட்டு, "அவ்வளவு தூரமா, வேண்டாம்" என்று தாய் கண் கலங்கினால் இடம் போய்விடும். இப்போதே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

"பெயர் வேறாக இருக்கே, நமக்கு வேண்டியது இதுதானா?" என்றால், என் கருத்தில் இந்த அகலமான பட்டமே நமக்கு மேல். எக்ஸ்ரே, ஸ்கேன், புற்றுநோய்க் கதிர் சிகிச்சை, அணு மருத்துவம் என்று பல பக்கமும் இதில் பிள்ளை தொட்டுப் பார்க்கிறது. அணு மருத்துவப் பிரிவு எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. பினாங்கு ஆஸ்பத்திரி, கோலாலம்பூர் ஆஸ்பத்திரி, புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற பெரிய இடங்களில்தான் உண்டு. பட்டம் வாங்கிய அன்றே வேலை காத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அங்கே இடமில்லாவிட்டால் எக்ஸ்ரே பக்கம் போகலாம், காலம் வரும்போது மேல்பயிற்சி எடுத்து உள்ளே வரலாம். ஒரே சாவி வைத்திருப்பவனைவிட மூன்று சாவி வைத்திருப்பவன் வெளியில் நிற்க மாட்டான்.

வெளிநாட்டில் அந்தப் பெயரிலேயே பட்டம் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் கர்நாடக மாநிலத்து மணிப்பாலிலும் அணு மருத்துவத் தொழில்நுட்பம் தனிப் படிப்பு. இந்த மாதிரிப் பெயர்களைக் காட்டி முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகள் வாசலுக்கு வந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். நம் நாட்டில் மருத்துவத் துணைத் தொழில்களுக்கு 774-ஆம் சட்டம் 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தப் பட்டத்தோடு வந்தால் இங்கே பதிந்துகொள்ள முடியுமா என்று சுகாதார அமைச்சுக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்குங்கள். உள்நாட்டுத் தனியார் கல்லூரி என்றால் எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடனும் கிடையாது. பதில் வருமுன் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் வேர் படிவம் நான்கு. 2020-இல் பிரிவு முறை போய்ப் பாடத் தொகுப்பு வந்தது. தொகுப்பு என்ற இனிப்பான பெயரில் இயற்பியலும் வேதியியலும் கைநழுவிப் போனால், பிறகு எந்த யூனியன் வந்து பேசினாலும் அந்தக் கதவு திறக்காது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மலாயும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை.

அதற்கு அடுத்த படி மெட்ரிகுலேஷன். பத்து ஏவோ அதற்கு மேலோ எடுத்தால் இனம் பார்க்காமல் இடம் என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். நல்லது. ஆறு ஏ, ஏழு ஏ எடுக்கும் தோட்டத்துப் பிள்ளையோ பூமிபுத்ரா அல்லாதாருக்கு ஒதுக்கிய பத்து விழுக்காட்டுக்குள் முட்டி மோத வேண்டும். கிடைக்காவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் படிவம் ஆறுக்குப் போகச் சொல்லுங்கள். எஸ்.டி.பி.எம். கஷ்டம்தான். ஆனால் அதற்கு ஏஜெண்டும் வேண்டாம், பெரிய கட்டணமும் வேண்டாம். ஆங்கிலத்துக்கு மூயெட் பரீட்சையையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் சங்கத்தின் வேலையா என்று சிலர் முணுமுணுக்கலாம். நான் கேட்கிறேன், வேறு யாருடைய வேலை? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதற்காக எத்தனை ஆண்டு கத்தினோம்! ரப்பர் தோட்டமாக இருந்த பத்து கவானில் இன்று தொழிற்பேட்டையும் இரண்டாவது பாலமும் நிற்கின்றன. தோட்டம் போன இடத்தில் நம் பிள்ளை கேட்டில் காவல் நிற்பதா, ஆஸ்பத்திரியில் காமிரா முன் நிற்பதா? சம்பளத்துக்குக் கூட்டம் போடுகிறோம். மனு பாரத்துக்கு ஒரு கூட்டம் போட முடியாதா?

ஆகவே கிளைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். ஒன்று, படிவம் மூன்று பிள்ளைகள் பாடம் தேர்ந்தெடுக்கும் முன். மற்றொன்று, யூ.பி.யூ. திறக்கும்போது. இந்தப் படிப்பைப் படித்து வேலையில் இருக்கும் நம் பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடித்து வந்து பேச வையுங்கள். நேர்முகம் உண்டா, உடல்நலச் சோதனை உண்டா, எந்தப் பாடத்தில் என்ன தரம் வேண்டும் என்று வரி வரியாக எழுத்துக் கூட்டிப் படித்துப் பாரத்தை நிரப்புங்கள். சைபர் கபே பையன் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுப் போக, பிள்ளையின் நான்கு ஆண்டு போகக்கூடாது.

தோட்டத்தில் பிறந்ததால் பிள்ளைக்கு மூளை குறைந்துவிடவில்லை. வாசல் எங்கே என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்த ஆளாக நாம் இருப்போம், தோழர்களே!